முதல் தட்டு காலி!

மாசக் கடைசி. பாலன்ஸ் ஷீட் டேலி ஆகவில்லை. மானேஜர் முகமும் சரியில்லை. அப்போதெல்லாம் எனக்குக் கைகொடுப்பது ஜமைக்காவின் ரெகே!

அதன் 'ஒன் டிராப்' தாளத்தில் முதல் தட்டு காலி. மூணாவதில்தான் டிரம் விழும். ஒண்ணாம் தேதி வரவேண்டிய சம்பளம் மூணாம் தேதி வந்து விழுகிற மாதிரி!

புதிதாகக் கேட்பவர்கள் பாப் மார்லியின் 'எக்ஸோடஸ்' (1977) ஆல்பத்தில் ஆரம்பிக்கலாம். 1976 டிசம்பரில் கிங்ஸ்டன் வீட்டில் வைத்து மனிதரைச் சுட்டார்கள். ரெண்டே நாளில் மேடையேறிப் பாடினார். பிறகு லண்டன் போய் உருவாக்கிய ஆல்பம் இது. கோபம் உண்டு, புலம்பல் இல்லை. அடுத்து, பர்னிங் ஸ்பியரின் 'மார்கஸ் கார்வி' (1975). புதுசா வேணுமா? காஃபியின் 'ராப்ச்சர்' (2019). 19 வயசிலேயே கிராமி வாங்கிய பெண்!

1981-ல் மார்லி இறந்தபோது வயது 36. எனக்கும் இப்போ அதே 36. அவர் கணக்கு எப்பவோ டேலி ஆகிவிட்டது. நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்... வால்யூமைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு!