நிரலும் நாமும் – 14: கமிட்டைக் கலைத்து அடுக்குதல்

ஒரு கமிட்டை கிட் எப்படிச் சேமித்து வைக்கிறது என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். சேமித்ததைத் திருத்துவது இந்த வாரம். 'ஸ்குவாஷ் பண்ணிட்டு அனுப்புங்க', 'மெயின் மேல ரீபேஸ் பண்ணிடு', 'அதை ரிவர்ட் பண்ணிடலாம்' என்று காலை முதல் மாலை வரை அலுவலகத்தில் காதில் விழுந்துகொண்டே இருக்கும். மூன்றும் திருத்த வேலைதான். ஆனால் எதை எந்த நேரத்தில் செய்யலாம் என்று தெரியாமல் செய்யும்போதுதான் பக்கத்து நாற்காலிக்காரரின் ஒரு நாள் உழைப்பு வீணாகிறது.

இந்தக் கட்டளைகள் எந்தச் சூழலில் பிறந்தவை என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். லினக்ஸ் கர்னல் குழு தன் நிரல் மாற்றங்களைப் பராமரிக்கப் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் மென்பொருளின் இலவச உரிமம் 2005இல் கைவிட்டுப் போனது. ஏப்ரல் 3ஆம் தேதி லைனஸ் டோர்வால்ட்ஸ் மாற்று ஒன்றை எழுத உட்கார்ந்தார். 7ஆம் தேதியே அந்த மாற்றான கிட் தன் சொந்த நிரலைத் தானே பராமரிக்கத் தொடங்கிவிட்டது. ஜூன் மாதம் வந்த 2.6.12 கர்னல் கிட்டிலிருந்தே வெளிவந்தது. கர்னலுக்கான மாற்றங்கள் மின்னஞ்சலில் பேட்ச் வரிசைகளாக வரும். மூத்தவர்கள் படித்துக் குறை சொல்வார்கள். எழுதியவர் மேலே ஒட்டுப்போட மாட்டார். முழு வரிசையையும் திருத்தி இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என்று மறுபடி அனுப்புவார். கமிட்களைக் கழற்றித் திருத்தி மறுபடி அடுக்கும் ரீபேஸ் என்ற கட்டளை இந்தப் பழக்கத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஒரு உதாரணம். பேருந்து டிக்கெட் செயலியில் மூத்த குடிமக்கள் சலுகையைச் சேர்க்கிறீர்கள். உங்கள் பிராஞ்சில் ஐந்து கமிட்கள்: 'சலுகைக் கணக்கு', 'வயது சரிபார்ப்பு', 'எழுத்துப்பிழை', 'விட்டுப்போன கோப்பு', 'மறுபடியும் எழுத்துப்பிழை'. இன்டராக்டிவ் ரீபேஸைத் தொடங்கினால் எடிட்டரில் இந்த ஐந்தும் ஐந்து வரிகளாகத் திறக்கும். பழையது மேலே, புதியது கீழே. ஒவ்வொரு வரியும் 'பிக்' என்ற வினைச்சொல்லில் தொடங்கும். அப்படியே வைத்துக்கொள் என்று பொருள். அதை அழித்து 'ரீவேர்ட்' என்று எழுதினால் கமிட் செய்தியை மட்டும் மாற்றலாம். 'ஸ்குவாஷ்' மேலே உள்ள கமிட்டோடு கலந்து இரண்டு செய்திகளையும் சேர்த்துத் தரும். 'ஃபிக்ஸ்அப்' அப்படியே கலக்கும், ஆனால் தன் செய்தியை விட்டுவிடும். 'டிராப்' தூக்கி எறியும். வரிகளையே மேலும் கீழும் நகர்த்தலாம். நம் உதாரணத்தில் எழுத்துப்பிழைகள் இரண்டையும் அவை நேர்ந்த கமிட்டுக்குக் கீழே கொண்டுவந்து ஃபிக்ஸ்அப் ஆக்குங்கள். விட்டுப்போன கோப்புக்கும் அதே வைத்தியம். ஐந்து இரண்டாகிவிடும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். வேண்டும். நாளைக்குக் கட்டணம் தப்பாக வந்தால் எந்த மாற்றத்தில் கெட்டது என்று பைசெக்ட் கட்டளை தேடும். நல்ல கமிட் ஒன்று, கெட்ட கமிட் ஒன்று கொடுத்தால் நடுவில் வெட்டி வெட்டிப் போய், ஆயிரம் கமிட்களில் குற்றவாளியைச் சுமார் பத்துச் சோதனைகளில் காட்டிவிடும். நடுவில் வரும் ஒவ்வொரு கமிட்டும் ஓடுகிற நிலையில் இருந்தால்தான் இது பலிக்கும். 'விட்டுப்போன கோப்பு'க்கு முந்தைய கமிட் கம்பைல் கூட ஆகாது. தேடல் அங்கே வந்து முட்டி நிற்கும். ஒவ்வொரு பேட்ச்சுக்குப் பிறகும் கர்னல் கட்டமைந்து ஓட வேண்டும் என்று கர்னல் ஆவணங்கள் கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான்.

இதே காரணத்தால், மூன்று வார வேலையை ஒரே கமிட்டாக ஸ்குவாஷ் செய்து மெயினில் போடும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. பைசெக்ட் சரியாகத்தான் கண்டுபிடிக்கும். ஆனால் அது கைகாட்டும் கமிட்டில் நாற்பது கோப்புகள் இருந்தால் தேடலை மறுபடி முதலிலிருந்து நீங்கள்தான் நடத்த வேண்டும்.

இனி பக்கத்து நாற்காலிக்காரரின் உழைப்பு எப்படி வீணாகிறது என்பதற்கு வருவோம். ஒவ்வொரு கமிட்டும் தன் பெற்றோர் கமிட்டின் ஹாஷ் எண்ணைத் தனக்குள் வைத்திருக்கிறது. அடியில் ஒன்றை மாற்றினால் அதற்கு மேல் உள்ள எல்லாவற்றின் ஹாஷும் மாறும். ஆகவே ரீபேஸ் செய்தபின் உங்களிடம் இருப்பவை புதிய கமிட்கள், பழையவற்றின் பிரதிகள். பழையதை யாரோ ஒருவர் ஏற்கெனவே இழுத்துக்கொண்டு அதன் மேல் வேலை செய்திருந்தால், ஒரே மாற்றம் இரண்டு உருவங்களில் வந்து மோதும். பெட்டியில் போடாத கடிதத்தை எத்தனை முறையும் கிழித்து எழுதலாம். போட்டபின் இன்னொரு கடிதம்தான் எழுத முடியும். அந்த இன்னொரு கடிதம்தான் ரிவர்ட். பழைய கமிட்டைத் தொடாமல், அதற்கு நேர் எதிரான மாற்றத்தைப் புதிய கமிட்டாகச் சேர்க்கும். எந்தக் கமிட்டைத் திருப்பினோம் என்பதை கிட் தானே எழுதிவிடும். ஏன் என்பதை நாம்தான் எழுத வேண்டும். காரணம் இல்லாத ரிவர்ட்டைப் பார்த்த யாரோ ஆறு மாதம் கழித்து அதே பிழையை நல்லெண்ணத்தோடு திரும்பக் கொண்டுவருவார்.

பிறர் தொடும் பிராஞ்சில் ரீபேஸ் செய்தே ஆக வேண்டும் என்றால் முதலில் குழுவிடம் சொல்லுங்கள். பிறகு வெறும் ஃபோர்ஸ் புஷ் வேண்டாம். 'ஃபோர்ஸ் வித் லீஸ்' போடுங்கள். நீங்கள் கடைசியாகப் பார்த்த பிறகு வேறொருவர் அங்கே எதையாவது சேர்த்திருந்தால் அது மறுத்துவிடும்.

ஒரு பிராஞ்சின் கமிட்டை மட்டும் இன்னொன்றுக்குப் பிரதியெடுக்கும் செர்ரி-பிக்குக்கும் கர்னலில் நல்ல முன்மாதிரி இருக்கிறது. புதிய கர்னலில் வந்த பிழைத்திருத்தத்தைப் பழைய ஸ்டேபிள் பதிப்புகளுக்கு எடுத்துச் செல்லும்போது, மூலக் கமிட்டின் ஹாஷைச் செய்தியின் தொடக்கத்திலேயே குறிக்கிறார்கள். பிரதி எங்கிருந்து வந்தது என்று தேடுபவர் ஒரே தாவலில் மூலத்தை அடைகிறார். நம் பக்கம் 'மைனஸ் எக்ஸ்' என்று சேர்த்தால் கிட் தானே அந்தக் குறிப்பை எழுதும். பலர் சேர்ப்பதில்லை.

ரீபேஸ் பாதியில் சிக்கலானால் 'அபார்ட்' கொடுத்து வெளியே வந்துவிடலாம். முடித்தபின் தப்பு என்று தெரிந்தால் ரெஃப்லாக் இருக்கிறது. நீங்கள் கைவிட்ட பழைய கமிட்களின் ஹாஷ் எண்கள் அதில் வரிசையாகக் கிடக்கும். எந்த பிராஞ்சும் எட்டாத கமிட்டின் பதிவை வழக்கமான அமைப்பில் 30 நாட்களாவது வைத்திருக்கும். கமிட் செய்யாமல் கோப்பில் மட்டும் இருந்த வரிகள் அந்தப் பட்டியலில் வராது. ஆகவே வேலை நடக்கும்போது அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை, அடிக்கடி கமிட் செய்துவிடுங்கள். அடுக்குவதை அனுப்பும் முன் பார்த்துக்கொள்ளலாம்.