மாத்திரையும் சூரணமும்: தசை அழற்சியில் எது எதோடு சேரும்?

தசை அழற்சி நோயில் உடலின் எதிர்ப்பு சக்தி தன் தசைகளையே பகையாக எண்ணித் தாக்குகிறது. அரிதான நோய், தொற்றாது. முதலில் தளர்வது தோள், இடுப்பு, தொடை. தரையில் சம்மணமிட்டவர் கையூன்றாமல் எழ முடியாது. தலை சீவக் கை உயராது. தண்ணீர்க் குடம் இடுப்பு ஏறாது. பலருக்கு வலி பெரிதாக இருப்பதில்லை. தோலையும் பிடிக்கும் வகையில் கண் இமையில் ஊதா நிறமும் விரல் முட்டிகளின் மேல் தடிப்பும் தோன்றும். கறுத்த மேனியில் அந்த நிறம் எளிதில் கண்ணில் படாது.

திருப்பத்தூர், காரைக்குடி வட்டாரத்தில் இப்படி வரும் தளர்ச்சிக்குச் சட்டென்று கிடைக்கும் பெயர் வாதம். யூகி முனிவர் பெயரில் வழங்கும் சித்த நூல் வாத நோய்களை 80 ஆகப் பிரித்துச் சொல்கிறது. ஊர்ப்பேச்சில் எண்பதும் ஒன்றாகிவிடும். நாட்டு மருந்துக் கடையில் அமுக்கரா சூரணமும் ஒரு தைலமும் வாங்குவதில் மாதங்கள் ஓடும். அதற்குள் நோய், உணவை விழுங்க உதவும் தசைக்கோ நுரையீரலுக்கோ பரவினால் உயிருக்கே ஆபத்து. சி.கே. என்னும் நொதியை ரத்தத்தில் அளப்பது எளிய சோதனை. தசை சிதையும்போது அது பல மடங்கு ஏறும். சிலருக்கு மட்டும் ஏறாது. எம்.ஆர்.ஐ., தசைத் துணுக்குச் சோதனை ஆகியவை அடுத்து வரும்.

ஆங்கில மருத்துவத்தில் முதல் மருந்து பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு. தொடக்கத்தில் எடைக்கேற்ப கிலோவுக்கு 1 மில்லிகிராம் அளவில் கொடுப்பது வழக்கம். ஸ்டீராய்டைக் குறைப்பதற்காக மெத்தோட்ரெக்சேட் அல்லது அசாதியோப்ரின் சேரும். மூலிகை மட்டுமே இந்நோயை அடக்கியதற்கு நம்பத்தக்க சான்று கிடையாது.

ஆங்கில மருந்தையும் நாட்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த முறையான ஆய்வு ஒன்று தமிழ்நாட்டிலேயே நடந்தது. அது மூட்டுவாதத்தைப் பற்றியது. கோயம்புத்தூரில் 43 நோயாளிகளுக்கு ஆயுர்வேதம், மெத்தோட்ரெக்சேட், இரண்டும் சேர்த்து என மூன்று பிரிவாக 36 வாரம் மருந்து கொடுத்தார்கள். 2011இல் வெளியான முடிவின்படி மூன்றும் ஏறக்குறைய ஒரே பலன். இவ்வளவு சிறிய முன்னோட்ட ஆய்வை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. தசை அழற்சிக்கு அதை நீட்டவும் கூடாது.

சேர்க்கக் கூடாதவை இதைவிடத் தெளிவானவை. கொரோனாவுக்குப் பின் கடைதோறும் அடுக்கியிருக்கும் ‘எதிர்ப்பு சக்தி’ மருந்துகள் முதல் வரிசை. இந்த நோயாளிக்கு எதிர்ப்பு சக்தி குறைவாக இல்லை, அது தடம் மாறித் தாக்குகிறது. அதைத் தூண்டும் ஸ்பைருலினா போன்றவற்றைத் தின்ற பின் தோல்-தசை அழற்சி கிளம்பியதை அமெரிக்க மருத்துவர்கள் 2004இல் பதிவு செய்தார்கள். அதே வரிசையில் வரும் சீந்தில் தின்றவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாக 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. இந்த விவாதம் எப்படி முடிந்தாலும், மெத்தோட்ரெக்சேட்டே கல்லீரலைச் சோதிக்கும் மருந்து. அதன் மேல் சீந்திலை ஏற்றுவது வேண்டாத வேலை.

அதிமதுரம் இவற்றில் நுட்பமானது. இருமலுக்கு வீட்டிலேயே இடித்துக் கொடுப்பதால் அதை யாரும் மருந்துக் கணக்கில் வைப்பதில்லை. அதிலுள்ள கிளைசிரைசின், பிரெட்னிசோலோனை உடல் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கிறது. ஸ்டீராய்டின் வேகம் கூடும். பொட்டாசியம் சிறுநீரோடு வெளியேறும். பொட்டாசியம் குறைந்தால் தசை தளரும். வீட்டார் நோய் திரும்பிவிட்டது என்று பதறுவார்கள், அதிமதுரச் சேதி தெரியாத மருத்துவர் ஸ்டீராய்டைக் கூட்டவும் கூடும்.

பெயர்ச்சீட்டு இல்லாத பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டே கலந்திருக்கும். இரண்டே நாளில் வலி பறந்தால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். நாள்பட்டுத் தின்றபின் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரலாம். ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாக நிறுத்துபவர்களுக்கும் இதே கதிதான்.

தைலம், ஒற்றடம் போன்ற வெளிப்பிரயோகங்களில் மருந்து மோதல் குறைவு. தோல் தடித்த இடத்தில் தைலம் வேண்டாம். அழற்சி தணியும்வரை அழுத்திப் பிடிக்கும் தொக்கணமும் வேண்டாம். ஒருகாலத்தில் இந்நோயாளிகளை அசையாதே என்றார்கள். 1990களிலிருந்து சுவீடனில் நடந்த ஆய்வுகள் அளவான உடற்பயிற்சி பலம் தருவதைக் காட்டின.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தா பிரிவு அதே வளாகத்திலேயே இருக்கிறது. சித்தா சீட்டை ஆங்கில மருத்துவரிடமும் மாத்திரை அட்டையைச் சித்த மருத்துவரிடமும் காட்டலாம். புதிய மூலிகையை ஒவ்வொன்றாகவே தொடங்கி, சில வாரத்தில் சி.கே., கல்லீரல் நொதி, பொட்டாசியம் மூன்றையும் பார்த்துவிட்டால் எது எதைச் செய்தது என்பது பிடிபடும்.