கிருஷ்ணைக்குப் பூசிய வெண்பொடி

பழுகாமத்தில் பிறந்தவர்க்குப் பாரதக் கதை ஏட்டிலிருந்து வருவதன்று. திரௌபதை அம்மன் கோயில் வாசலிலிருந்து வருவது. அம்மம்மாவின் கைபிடித்துத் தீக்குழி ஓரத்தில் நின்ற பருவத்திலேயே பாஞ்சாலி எனக்கு அறிமுகமாகிவிட்டாள்.

பிற்காலத்தில் ஆசிரியனாகிப் பாடசாலை ஒன்றில் பாரத நாடகமொன்றை மேடையேற்ற முற்பட்டேன். பாஞ்சாலி வேடத்துக்கு இரு மாணவியர் வந்தனர். ஒருத்தி நல்ல கறுப்பு. சபையில் நீதி கேட்கும் பகுதியை அவள் பேசியபோது, பின்வாங்கில் குறும்பு செய்துகொண்டிருந்த பையன்களும் வாயடைத்துப் போயினர். மற்றவள் இரண்டு இடங்களில் தடுமாறினாள். ஆனால், நிறமான பிள்ளை. (வெளுத்தவளையே ‘நிறமான பிள்ளை’ என்பது எங்கள் வழக்கு. கருமையை நாம் நிறக் கணக்கில் சேர்ப்பதில்லை போலும்!) நான் தேர்ந்தது இவளைத்தான். “மேடையில் எடுப்பாக இருக்கும்” என்று காரணமும் சொன்னேன். முதலாமவள் தோழியானாள். அதற்கும் அவள் முகத்தில் வெண்பொடி அப்பச் செய்தேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்:

“சேர், பாஞ்சாலிக்குக் கிருஷ்ணை எண்டும் பேர் எண்டு நீங்கதானே படிப்பிச்சீங்க?”

படிப்பித்தவன் நான்தான். வேள்வித் தீயில் எழுந்தவள் கருநிறத்தினள். அந்நிறத்தாலேயே கிருஷ்ணை எனப் பெயர் பெற்றாள். அவள் மேனியில் நீலோற்பலத்தின் மணம் கமழ்ந்தது என்கிறது வியாச பாரதம். அவளை வெளுக்கச் செய்தவர் யார்? 1894இல் பம்பாயில் ரவிவர்மா நிறுவிய அச்சகம் தெய்வப் படங்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. அவ்வழி வந்த நாட்காட்டிப் படங்களில் பாஞ்சாலி பெரும்பாலும் வெளிறிய மேனியளே. 1975இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த முகக்களிம்பு ஒன்று, 2020இல் தன் பெயரிலிருந்த ‘ஃபேர்’ என்ற சொல்லை மட்டும் நீக்கிக்கொண்டது.

இந்நோய் நமக்கே உரியதன்று. இலத்தீன் அமெரிக்க மரபுப் பெண்களை அமெரிக்காவில் ‘லத்தீனா’ என்பர். 1961இல் வெளிவந்த ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ திரைப்படத்தில் அனிதாவாக நடித்த ரீட்டா மொரேனோ, புவேர்ட்டோ ரிக்கோத் தீவிலேயே பிறந்தவர். ஆயினும் அவருடைய இயல்பான நிறம் போதவில்லையாம். அதனினும் கரிய பூச்சைப் பூசினார்கள். அத்தீவினர் எல்லோருக்கும் ஒரே பூச்சு. கதாநாயகியான புவேர்ட்டோ ரிக்கப் பெண்ணாக நடித்தவரோ, ருஷ்ய மரபில் வந்த நத்தலி வூட்! நாங்கள் வெளுக்கப் பூசினோம். அவர்கள் கறுக்கப் பூசினார்கள். முகத்துக்குரியவளை எவரும் கேட்கவில்லை. மொரேனோ 1962இல் ஒஸ்கார் பெற்றார். அதே அனிதா வேடத்துக்காக, ஆபிரிக்க மரபும் கலந்த அரியானா டிபோஸ் அப்பரிசைப் பெற 2022 வரை செல்லவேண்டியிருந்தது.

இடையில், 2021இல், ‘இன் த ஹைட்ஸ்’ என்ற படத்தின் முதன்மை வேடங்களில் கறுப்பு இலத்தீனர் போதியளவு இல்லை என்று அச்சமூகத்தாரே குறைகூறினர். அதன் மூல நாடகத்துக்கு இசையமைத்த லின்-மனுவேல் மிராண்டா ஊரறிய மன்னிப்புக் கேட்டார். செய்தித்தாளில் அதைப் படித்த அன்று, எனக்கு ஏனோ உணவு இறங்கவில்லை.

சென்ற தீமிதிப்பின்போது கோயில் வீதியில் அவளைக் கண்டேன். பக்கத்தில் அவள் மகள், அச்சு அசலாகத் தாயே.

“இவளும் பள்ளிக்கூட நாடகத்தில நடிக்கிறாள், சேர்” என்றாள்.

என்ன வேடம் என்று கேட்க எனக்கு நா எழவில்லை.