மெட்டாக்கமும் உழைப்பும்: கிழக்குக் கரையின் இசை மரபை முன்வைத்துச் சில குறிப்புகள்

மெட்டு என்பது ஒருவருக்குத் தானாக 'வருவது' என்னும் நம்பிக்கை நம்மிடையே வலுவாக நிலவுகின்றது. வந்தவர் அதனை வரம் என்பார். வராதவர் தமக்கு அது வாய்க்கவில்லை என்று ஒதுங்கிக்கொள்வார். முன்னர் அருள் எனப்பட்டதே இன்றைய சந்தையில் மேதைமை எனப் பெயர் பெற்றுள்ளது. பெயர் மாறினும் இரண்டினதும் சமூகப் பயன் ஒன்றே. இசையாக்கத்தை மனித உழைப்பினின்றும் பிரித்து, சிலருக்கே உரியதாக ஆக்கிவிடுவது அது.

கணினியும் கைத்தொலைபேசியும் ஒலிப்பதிவுக் கூடத்தை வீட்டு அறைக்குள் கொண்டுவந்துள்ள இக்காலத்தில் இவ்வினா நடைமுறை முக்கியத்துவம் உடையதாகின்றது. கருவி கையிலிருந்தும் மெட்டு அமைக்கத் தெரியாத இளைஞர், ஆயத்தமாகக் கிடைக்கும் இசைத்துண்டுகளை அடுக்கிவிட்டு அதனையே ஆக்கம் எனக் கொள்ளும் நிலை தோன்றியுள்ளது. மெட்டாக்கம் என்பது கற்கவும் கற்பிக்கவும் கூடிய செய்முறைகளின் தொகுதி; அச்செய்முறைகள் நமது வாய்மொழி மரபில் ஏலவே பயின்று வந்துள்ளன. இதனைத் திருகோணமலை மாவட்டத்தையும் அதனை அடுத்த கரையோரத்தையும் முன்வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. களம்

கொட்டியாரக் குடாவிற்குத் தெற்கே இலங்கைத்துறை முகத்துவாரம் வரை நீளும் கரையும், வடக்கே திருகோணமலைத் துறைமுகமும் பல இசை மரபுகள் வந்து கலந்த இடங்களாகும். ஏழாம் நூற்றாண்டினரான சம்பந்தர் திருக்கோணமலை மீது பாடிய பதிகம் புறநீர்மைப் பண்ணில் அமைந்தது. 1624இல் கோட்டை கட்டிய போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்களான பறங்கியர், திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் கப்ரிஞ்ஞா என்னும் ஆடலிசையைப் பேணினர்; பைலா இசையின் வேர்களுள் அதுவும் ஒன்று. இவற்றோடு கூத்தும் கும்மியும் தாலாட்டும் ஒப்பாரியும் மீனவரின் அம்பாப் பாடல்களும் அருகருகே வாழ்ந்தன. எனவே, இக்கரையில் வெறுமையிலிருந்து மெட்டுப் பிறந்ததில்லை. பொதுவில் கிடந்த செல்வத்தை எடுத்து, மாற்றி, மீண்டும் பொதுவில் வைப்பதே ஆக்கமாக இருந்தது.

2. சுமையும் தாளமும்

கார்ல் பியூகர் 1896இல் வெளியிட்ட 'உழைப்பும் தாளமும்' என்ற நூலில், கூட்டு வேலையின் அசைவுகளுக்கும் பாட்டின் தாளத்திற்குமுள்ள உறவை விரிவாக ஆராய்ந்தார். ஜோர்ஜ் தொம்சன் 1945இல் வெளிவந்த 'மார்க்சியமும் கவிதையும்' என்ற நூலில் அதனை மேலும் வளர்த்தார். பேராசிரியர் கைலாசபதி பேர்மிங்ஹாமில் தொம்சனின் கீழ் ஆய்வு செய்தவர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

கரைவலை இழுக்கும்போது பாடப்படும் அம்பாப் பாடல் இக்கருத்துக்குச் சிறந்த சான்றாகும். ஒருவர் அடியை எடுத்துக் கொடுக்க, கயிற்றைப் பற்றிய ஏனையோர் 'ஏலேலோ' போன்ற ஒலிகளால் ஏற்பர். எடுப்பவரின் அடி மாறிக்கொண்டே இருக்கும். ஏற்பவரின் அடி மாறாது. ஏற்கும் அடியிலேயே கயிறு இழுபடும். எடுக்கும் அடியில் கைகள் தளர்ந்து அடுத்த பிடிக்கு ஆயத்தமாகும். ஆகவே ஏற்கும் அடி சில சுரங்களுள் அடங்கி, சுமை விழும் இடத்தில் அழுத்தம் பெறுகின்றது. எடுக்கும் அடியோ மேலே எழுந்து அலைந்து இறங்க இடம் பெறுகின்றது.

இதிலிருந்து பெறப்படும் முதற் செய்முறை எளியது. மெட்டமைக்க அமர்பவர் முழுப் பாட்டையும் ஒருங்கே தேடுதல் வேண்டா. மூன்று சுரங்களுக்குள் அடங்கும் ஏற்பு அடியொன்றை முதலில் நிலைநிறுத்துக. அதில் எந்த அசையிற் சுமை விழுகின்றது என்பதைக் கையால் தட்டி உறுதிசெய்க. பின்னர் அதற்கு விடை கூறும் அடிகளைப் பாடிப் பார்க்க. நிலையானது ஒன்று இருந்தாலன்றி மாறுவது மாற்றமாகக் கேட்காது.

3. சொல்லினின்று மெட்டு

தமிழில் எழுத்துக்கு அளவு உண்டு. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு. இவ்விலக்கண விதி மெட்டமைப்பவனுக்கு ஒரு கருவியாகும். கரையோரத்துச் சொற்களையே எடுத்துக்கொள்வோம். 'தோணி', 'வாடி' என்பன நெடிலும் குறிலுமாக மும்மூன்று மாத்திரை கொள்வன. இரண்டு சேர்ந்தால் ஆறு. 'அலை', 'வலை', 'கரை' என்பன, ஈற்று ஐகாரம் குறுகுவதால், இவ்விரண்டு மாத்திரை கொள்வன. இரண்டு சேர்ந்தால் நான்கு. முன்னையவை ஆறெண்ணிக்கை நடையைத் தாமே வேண்டி நிற்கின்றன. பின்னையவை நாலெண்ணிக்கைக்குள் இயல்பாக அமர்கின்றன. பைலாவின் ஆறெண்ணிக்கை நடையில் தமிழ்ச் சொற்கள் இடறின்றி ஓடுவதற்கு, பிற காரணங்களோடு இதுவும் ஒன்றெனக் கருதலாம்.

ஆகவே, எழுதிய அடியை முதலில் இசையின்றி உரத்துச் சொல்லிப் பார்த்தல் வேண்டும். நெடில் நிற்கும் இடத்திற் சுரமும் நிற்கட்டும். வினாவில் குரல் உயரும் இடத்தில் மெட்டும் உயரட்டும். சொல் இல்லாதவிடத்து, 'தன தான' போன்ற சந்தக் குழிப்பை முதலில் அமைத்து அதன் மீது சுரத்தையும், ஈற்றில் சொல்லையும் வைக்கலாம். அருணகிரிநாதரின் திருப்புகழ் தொட்டு இன்றைய திரைப்பாடல் வரை சந்தத்தின் ஆட்சி தொடர்கின்றது. இதற்கு மாறாக, குறிலை இழுத்தும் நெடிலை நசுக்கியும் அமைக்கும் மெட்டு கேட்பவர் காதில் அயலானதாகவே ஒலிக்கும்.

4. ஐந்து சுரங்களின் ஐந்து முகங்கள்

தெரிவுகள் மிகுதியாக இருப்பது தொடக்கக்காரருக்குப் பெருந்தடையாகும். வரையறையே ஆக்கத்தைத் தூண்டும் என்பதற்குப் பழந்தமிழ் இசை நல்ல வழிகாட்டி. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் ஏழு மகளிர் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு சுரங்களின் பெயர் பெற்று வட்டமாக நிற்கின்றனர். வட்டத்தில் எங்கும் தொடக்கம் உண்டு. தொடங்கும் இடம் மாறினால் பண்ணும் மாறும். பாலை திரிதல் எனப்படும் இம்முறையை, திருகோணமலை இந்துக் கல்லூரியில் அதிபராகப் பணியாற்றிய சுவாமி விபுலாநந்தர் 1947இல் வெளிவந்த யாழ்நூலில் கணித அடிப்படையில் ஆராய்ந்தார். கால்நடை மேய்க்கும் சமூகத்துப் பெண்களின் கூட்டாடலில் இந்நுட்பம் காட்டப்பட்டிருப்பது தற்செயலானதன்று. இசையறிவு அரங்குகளில் மட்டும் வாழ்ந்ததில்லை என்பதற்கு அது சான்றாகும்.

இதனை வீட்டில் எளிதாகச் செய்து பார்க்கலாம். ஆர்மோனியத்தின் கறுப்புக் கட்டைகளை மட்டும் பயன்படுத்துக. மூன்றாக நிற்கும் கறுப்புக் கட்டைகளில் முதலாவதை ஆதார சுரமாகக் கொண்டால் மோகனம் ஒலிக்கும். அதே கட்டைகளை வைத்துக்கொண்டு ஆதாரத்தை மட்டும் மாற்றுக. இரண்டாவது கட்டை ஆதாரமானால் மத்தியமாவதி. மூன்றாவது ஆனால் இந்தோளம். இரண்டாக நிற்பவற்றில் முதலாவது ஆனால் சுத்த சாவேரி. அடுத்தது ஆனால் சுத்த தன்யாசி. கட்டைகள் மாறவில்லை, அவற்றுக்கிடையிலான உறவே மாறியது. ஒரே மெட்டுத் துணுக்கு ஆதாரம் மாறும்போது மகிழ்ச்சியினின்றும் ஏக்கத்திற்குப் பெயர்வதைக் காது உடனே உணரும். பொருளின் தன்மை அதன் உறவுகளினாலே தீர்மானிக்கப்படுகின்றது என்ற மெய்ம்மை இங்கு இசையாகவே கேட்கின்றது.

5. கடனும் மாற்றமும்

கூத்து அண்ணாவியார் ஒவ்வொரு தருவுக்கும் புது மெட்டுத் தேடுவதில்லை. வரவு, போர், புலம்பல் என்னும் சந்தர்ப்பங்களுக்கு உரிய மெட்டுகள் அவர் நினைவில் உள்ளன. பாத்திரத்திற்கும் மத்தளத்தின் நடைக்கும் ஏற்ப அவற்றை நீட்டியும் குறுக்கியும் கையாள்வார். மில்மன் பரியும் அல்பேட் லோட்டும் வாய்மொழிக் காவியங்களில் வாய்பாடுகளின் பங்கினை நிறுவினர். லோட்டின் 'கதைப்பாடகர்' 1960இல் வெளிவந்தது. கைலாசபதி அம்முறையைச் சங்கச் செய்யுளுக்குப் பொருத்தியது 1968இல் வெளிவந்த அவரது ஆங்கில நூலில். சொல்லுக்கு அவர்கள் கண்டது மெட்டுக்கும் பொருந்தும். பழைய பாட்டுப் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என அச்சிட்டிருப்பது கடனை மறைக்காத நேர்மையாகும்.

மாற்றும் வழிகளும் மரபில் தெளிவாகவே உள்ளன. துணுக்கை அப்படியே மீட்டு ஈற்றுச் சுரத்தை மட்டும் மாற்றுதல். அதே வடிவத்தை ஒரு படி மேலோ கீழோ வைத்தல். ஏறுவதை இறங்கச் செய்தல். நடையை மாற்றுதல் என நான்கைக் குறிப்பிடலாம். முதலாவதனைத் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் எவரும் கேட்கலாம். நான்காவது மிக ஆழமான மாற்றத்தைத் தருவது. நாலெண்ணிக்கை மெட்டை ஆறெண்ணிக்கைக்குப் பெயர்த்தால் அதன் முகமே வேறாகின்றது.

1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் எழுந்த ஈழத்துப் பொப்பிசை இவ்வாறான மாற்றத்தின் வரலாற்று வடிவமாகும். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரோடு திருகோணமலைச் சகோதரர்களான பரமேஸ், கோணேஸ் ஆகியோரும் இவ்வியக்கத்தில் இடம்பெறுவர். கிற்றாரும் பைலா நடையும் பேச்சுத் தமிழும் சேர்ந்தபோது தென்னிந்தியத் திரையிசையின் நிழலுக்கு வெளியே ஒரு குரல் கேட்டது. அதன் பொருளாழம் பற்றி விமர்சனம் இருக்கலாம். ஆயினும் பெரிய இசைக்குழுவும் பெருமுதலும் இன்றி, கைக்கெட்டிய கருவியைக் கொண்டு பாட்டாக்கலாம் என்பதை அது நிறுவிக் காட்டியது.

6. வீடு என்னும் உற்பத்திக் களம்

வீட்டில் இசையாக்குதல் புதிதன்று. தாலாட்டும் ஒப்பாரியும் வீட்டிலேயே, பெரும்பாலும் பெண்களாலேயே ஆக்கப்பட்டன. அவ்வாக்கம் உழைப்பாகக் கணிக்கப்படவில்லை. அவர்தம் பெயரும் எஞ்சவில்லை. இன்று புதிதாக நேர்ந்திருப்பது உற்பத்திக் கருவியின் மாற்றமே. இசைத்தட்டுக் காலத்தில் கம்பனியின் கையிலிருந்த ஒலிப்பதிவு, கசெற் காலத்தில் ஓரளவு பரவலாகி, கணினிக் காலத்தில் தனிமனிதர் கைக்கு வந்துள்ளது. இது வரவேற்கத்தக்க முன்னேற்றமாகும்.

எனினும் இதனுள் ஒரு முரண்பாடு உண்டு. மென்பொருளோடு வரும் ஆயத்தத் துண்டுகளில் எவரோ எங்கோ செய்த உழைப்பு உறைந்து கிடக்கின்றது. மார்க்ஸ் இறந்த உழைப்பு என்று கூறியது உயிருள்ள உழைப்பை ஆள்வது போல, அத்துண்டின் தாளமும் சுருதியும் பாடுபவரை ஆளத் தொடங்குகின்றன. சமமாக வெட்டப்பட்ட கட்டங்களுள் மத்தளத்தின் தளர்வும் ஒப்பாரியின் குழைவும் 'பிழை' எனத் திருத்தப்படுகின்றன. ஆகவே திரையை முதலில் திறத்தல் கூடாது. முதலிற் பாடுக, பாடியதைத் தாளத் துணையின்றிப் பதிவு செய்க, கருவி பின்னர் அக்குரலைத் தொடரட்டும். மறுநாள் கேட்டு, நினைவில் நின்றதை மட்டும் வைத்துக்கொள்க.

மெட்டின் இறுதிச் சோதனை இன்னொருவரின் வாயிலே நிகழ்வது. அடுக்களையில் நிற்பவரோ அயல்வீட்டுச் சிறுவரோ ஒருமுறை கேட்டபின் அதனைத் திருப்பிப் பாடுகின்றனரா? எவ்விடத்தில் மாற்றிப் பாடுகின்றனர்? அம்மாற்றம் பெரும்பாலும் திருத்தமாகவே இருக்கும். காதுக்கருவியை மாட்டிக்கொண்டு தனித்திருப்பவர் இழப்பது இக்கூட்டுத் திருத்தத்தையே.

உரிமை பற்றியும் ஒரு சொல். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் வெளிப்பாடுகளையும் கருத்திற் கொண்டுள்ளது. சட்டம் எவ்வாறாயினும், அம்பா மெட்டொன்றை எடுத்தாள்பவர் அது எக்கரையில் யாரிடம் கேட்டது என்பதைப் பதிவிலே சொல்லுதல் குறைந்தபட்ச நேர்மையாகும். பெயரற்ற உழைப்பின் மீது தனிப்பெயர் பொறித்தல் அபகரிப்பின்றி வேறில்லை.

பல கரைகளில் உழவியந்திரம் கயிற்றை இழுக்கத் தொடங்கியது. 2004இன் ஆழிப்பேரலையும், 2006இல் மூதூர் கிழக்கையும் ஈச்சிலம்பற்றையும் வெறுமையாக்கிய போரும் பாடியவர்களைச் சிதறடித்தன. முதுகு முறியும் அவ்வேலை திரும்ப வேண்டும் என எவரும் விரும்பார். வேலை போனால் பாட்டும் போகும் என்பதும் இயல்பே. ஆனால் பாட்டு ஆக்கிய முறை போகவேண்டிய கட்டாயம் இல்லை. கிழவரொருவர் அடியை எடுத்துக் கொடுக்க, பேரப்பிள்ளை கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு 'ஏலேலோ' என ஏற்குமாயின், அவ்வீட்டில் மெட்டாக்கத்தின் முதற்பாடம் நடந்து முடிந்துவிட்டது.