பதக்கம் பெற்ற கள்ளன்!

தெற்கு தேய்கிறது என்போம், கலையில் தேய்ந்ததா? கணக்கைப் பாருங்கள், தோழர்களே!

கோவை பட்சிராஜா ஸ்டூடியோவில் ஸ்ரீராமுலு நாயுடு எடுத்த ‘மலைக்கள்ளன்’, 1954-ஆம் ஆண்டுக்கான குடியரசுத் தலைவர் வெள்ளிப் பதக்கத்தை வென்றது. அப்பெருமை பெற்ற முதல் தமிழ்ப்படம் அது! கதை நாமக்கல் கவிஞருடையது, வசனம் கலைஞருடையது, நாயகன் எம்.ஜி.ஆர்.

அதே கதை 1955-இல் ‘ஆசாத்’ என்று இந்தி பேசிற்று. அதில் நடித்த திலீப் குமார் பிலிம்பேர் விருது பெற்றார். இந்தியைத் தெற்கே திணிக்கத் துடித்தவர்களுக்குக் கோவை கதையைக் கொடுத்தது!

பதக்கம் முதலாளிக்கு, பாராட்டு நடிகருக்கு. விளக்குச் சுமந்தவனுக்கு? செட் அடித்த தச்சனுக்கு? பஞ்சாலைக் கூலியில் மிச்சம் பிடித்துச் சீட்டு வாங்கிய தொழிலாளிக்கு? அந்த வெள்ளியின் பளபளப்பில் இவர்கள் வியர்வையும் உண்டு. கோவையின் திரை வரலாற்றை எழுதுவோர் அதையும் எழுதட்டும். நாம் கேட்கும் விருது அதுவே!