மூளையெல்லாம் இருக்குதுங்க, ஒக்காரத்தான் மாட்டேங்கறான்

"ஏனுங் சார், மூளையெல்லாம் நல்லா இருக்குதுங்க. ஒக்காந்து படிக்கத்தான் மாட்டேங்கறான்." தாராபுரம், காங்கேயம், உடுமலைப் பக்கப் பள்ளிகளின் பெற்றோர் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. இப்படிப் பேசப்படும் பிள்ளைகளில் சிலரிடம் இருப்பது சோம்பலோ திமிரோ அல்ல, ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு.

நம் பக்கத்திலேயே இதைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். கோவை மாவட்டத்தில் நான்கு பள்ளிகளைச் சேர்ந்த, 6 முதல் 11 வயதுள்ள 770 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2013-ல் வெளிவந்தது. 11.32 சதவீதம் பேரிடம் இக்குறைபாடு தென்பட்டது. உலக அளவிலான மதிப்பீடு சுமார் 5 சதவீதம்தான். நான்கே பள்ளிகளின் எண்ணை அப்படியே தாராபுரத்துக்குப் பொருத்திவிட முடியாது. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது: வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளில் 16.33 சதவீதம், நடுத்தர வீட்டுப் பிள்ளைகளில் 6.84 சதவீதம். டாக்டரிடம் போக வழியில்லாத வீடுகளில்தான் தேவை அதிகம் என்பது என்னை உறுத்துகிறது.

ஆரம்பப் பள்ளி வயதில் பெஞ்சு மேல் ஏறிக் குதித்த பையன் பதினான்கு, பதினைந்து வயதில் அடங்கிவிட்டதுபோலத் தெரிவான். "சரியாயிடுச்சு" என்று வீட்டில் நிம்மதியடைவார்கள். பெரும்பாலும் அடங்குவது ஓட்டம் மட்டும்தான். மறதியும், வேலையைத் தொடங்க முடியாத தவிப்பும், நேரக் கணக்கு பிடிபடாத குழப்பமும் அப்படியே நிற்கும். அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் பிலிப் ஷா குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. இக்குறைபாடுள்ள 223 பேரின் மூளையையும் இல்லாத 223 பேரின் மூளையையும் ஸ்கேன் செய்து ஒப்பிட்டார்கள். மூளையின் மேலுறையில் பாதி இடங்கள் உச்சத் தடிமனை எட்டிய வயது மற்றவர்களுக்கு ஏறத்தாழ 7.5, இவர்களுக்கு 10.5. திட்டமிடுவதற்கும் ஆசையை அடக்குவதற்கும் பொறுப்பான முன்மூளையில்தான் தாமதம் மிகுதி. உடல் அசைவை நடத்தும் பகுதியோ சற்று முன்னதாகவே முதிர்ந்திருந்தது.

"மூணு மணி நேரம் செல்லுல கேம் ஆடறானே, அப்ப மட்டும் கவனம் எங்கிருந்து வருது?" நியாயமான கேள்விதான். விளையாட்டு நொடிக்கு நொடி பலன் தருகிறது. பொதுத் தேர்வோ மார்ச்சில். ஜூனில் பாடம் தொடங்கும்போது அது இந்த மூளைக்குக் கண்ணுக்கெட்டாத தூரம். உடனே கிடைக்கும் சிறு பலனைத் தள்ளிவைத்துப் பெரிய பலனுக்குக் காத்திருப்பது இவர்களுக்குக் கடினம் என்பது சோதனைகளில் திரும்பத் திரும்பக் கண்டது.

கொங்கு நாட்டுக் குடும்பங்கள் இதற்குக் கைவசம் வைத்திருக்கும் வைத்தியம், நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளி. விடியுமுன் எழுப்பி, மணியடித்துப் படிக்க வைத்தால் மார்க் வரவும் செய்யும்; இந்தப் பிள்ளைகளுக்கு வெளியிலிருந்து ஒரு கட்டுக்கோப்பு தேவை என்பது மருத்துவரும் சொல்வதுதான். ஆனால் விடுதியில் மணியை அடிப்பவர் வேறொருவர். தன் நேரத்தைத் தானே பிரித்துக்கொள்ள அவன் அங்கே கற்பதில்லை. கல்லூரிக்குப் போய் அறை எடுத்துத் தங்கியதும் அரியர் குவிகிறது. பதின்ம வயதில் இயல்பாகவே தூக்கம் பின்னிரவுக்குத் தள்ளிப்போகும், இவர்களுக்கு இன்னும் அதிகமாக. விடியுமுன் எழுப்பி அந்தத் தூக்கத்தை வெட்டினால் மிச்சமிருக்கும் கவனமும் போய்விடும்.

பெண் பிள்ளைகள் கதை வேறு. ஜன்னலைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருக்கும் அம்மணியைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை. அதனாலேயே அவள் கணக்கில் வராமல் போகிறாள்.

மருந்து என்றாலே பெற்றோர் பயப்படுகிறார்கள். இக்குறைபாட்டுக்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் மூளையில் டோபமைன் சீக்கிரம் திரும்ப உறிஞ்சப்படாமல் தடுக்கிறது. பசி குறையலாம், தூக்கம் கெடலாம். எடையையும் ரத்த அழுத்தத்தையும் கவனிக்க வேண்டும். டாக்டர் சீட்டு இல்லாமல் தொடவே கூடாது. பலனும் சிறியதல்ல. ஸ்வீடனில் இக்குறைபாடுள்ள 17,408 பேரை ஆராய்ந்ததில், ஆண்களிடம் மருந்து எடுத்த காலத்தில் கடுமையான சாலை விபத்து ஆபத்து 58 சதவீதம் குறைவாக இருந்தது. பதினெட்டு வயது ஆனதும் பைக் சாவியைக் கொடுக்கும் நம் ஊர்ப் பெற்றோர் இதை யோசிக்க வேண்டும்.

2016-ம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடு உண்டு, ஏ.டி.எச்.டி. இல்லை. சேர்க்க வேண்டும் என்பதே என் கருத்து. அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசி, எந்த மருத்துவமனைக்குப் போவது என்று கேட்கலாம். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா, வீடு பள்ளி இரண்டிலும் தெரிந்தனவா என்று டாக்டர் கட்டாயம் கேட்பார். அதனால் மூன்றாம், நான்காம் வகுப்பு ரேங்க் கார்டுகள் வீட்டில் இருந்தால் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.