மறதிநோயும் குடும்பத்தின் பொதுக்குரலும்: டி. கல்லுப்பட்டி வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

மறதிநோய் கண்ட முதியவரைப் பேணும் குடும்பம், தன் பராமரிப்பினாலேயே அந்நோயைப் பிறர் கண்ணுக்குப் புலப்படாமல் ஆக்கிவிடுகிறது. அக்குடும்பம் வெளிப்படையாகப் பேசத் தொடங்கும்போது நேரும் மாற்றத்தைக் கேரளத்தின் குன்னங்குளத்தில் 1992இல் தோன்றிய இயக்கத்தின் வழியும், வேலூர், கோவா ஆய்வுகளின் வழியும் இக்கட்டுரை விளக்குகிறது. டி. கல்லுப்பட்டி போன்ற மானாவாரி வட்டாரத்திற்கு அது எவ்வகையில் பொருந்தும் என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மறதிநோய், பராமரிப்பாளர், மருமகள், பரிந்துபேசுதல், டி. கல்லுப்பட்டி, குமரப்பா.

முன்னுரை

மதுரையிலிருந்து இராசபாளையம் செல்லும் சாலையில் அமைந்துள்ள பேரூராட்சி டி. கல்லுப்பட்டி. இங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமம் 1940இல் தொடங்கப்பெற்றது. காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளை இவ்வூரில் கழித்து, 1960 சனவரி 30ஆம் நாள் மறைந்தார். நிலைத்த பொருளாதாரம் பற்றிய தமது ஆங்கில நூலில் அவர் உயிர்களின் வாழ்முறையை ஐந்து படிநிலைகளாகப் பகுத்தார். பிறவுயிரை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி நிலை அதில் அடிப்படி. கைம்மாறு கருதாது குஞ்சுக்கு இரை தேடித்தரும் தாய்ப்பறவையின் சேவை நிலை உச்சி.

குமரப்பாவின் தாய்ப்பறவைக்குக் குஞ்சு ஒருநாள் சிறகு முளைத்துப் பறந்துவிடும் என்னும் உறுதி உண்டு. மறதிநோய் கண்ட முதியவரைப் பேணுபவருக்கு அவ்வுறுதி இல்லை. இன்று சட்டை அணிவிக்க வேண்டியவருக்கு அடுத்த ஆண்டு சோறு ஊட்டவும் வேண்டியிருக்கும். ஊதியமில்லாத இவ்வுழைப்பு எந்தக் கணக்கேட்டிலும் இடம்பெறுவதில்லை. சேவையை உச்சியில் வைத்துப் போற்றும் சமூகம், அதைச் செய்பவரைத் தனியே விட்டுவிடவும் கூடும் என்பதே இங்கு எழும் சிக்கல்.

நோயின் இயல்பு

பிராங்பர்ட் மருத்துவமனையில் 1901இல் சேர்க்கப்பட்ட அகுஸ்தே டெட்டர் என்னும் ஐம்பத்தொரு வயதுப் பெண்ணை ஆலோய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் கவனித்துவந்தார். அப்பெண்ணிடம் முதலில் வெளிப்பட்ட குறி கணவர் மீதான காரணமற்ற ஐயம். மறதி அதன் பின்னர்தான் வந்தது. அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்து அல்சைமர் தம் முடிவுகளை 1906இல் அறிவித்தார். 1910இல் கிரெப்பலின் அந்நோய்க்கு அவர் பெயரையே சூட்டினார். மறதிநோய் என்பது பல நோய்களால் விளையும் ஒரு தொகுப்பு. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். மூளை இரத்தக்குழாய்ப் பாதிப்பால் வருவது மற்றொரு முதன்மை வகை. தைராய்டுக் குறைவு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரலாம். அவை குணப்படுத்தத் தக்கவை. ஆகவே ‘வயசாயிருச்சு’ என்று ஒதுக்கிவிடுவது, மீட்கக்கூடிய ஒருவரையும் கைவிடுவதாக முடியலாம்.

பெயரும் பழியும்

எழுத்துத் தமிழில் முதுமை மறதி, மறதிநோய், சித்தக்கலக்கம், அறிவாற்றல் இழப்பு எனப் பல சொற்கள் வழங்குகின்றன. மதுரைச் சமவெளியின் வீட்டுப் பேச்சில் இவற்றுள் எதுவும் எளிதில் வருவதில்லை. ‘நெனப்பு தப்பிருச்சு’, ‘புத்தி தடுமாறுது’, ‘சின்னப்புள்ள மாதிரி ஆயிட்டாக’ என்பனவே அங்குப் புழங்கும் தொடர்கள். திருச்சூர் வட்டாரத்திலும் குழந்தைத்தனம் எனப் பொருள்படும் ‘சின்னன்’ என்னும் மலையாளச் சொல்லே வழங்குவதைக் கே.எஸ். ஷாஜியும் குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு பதிவுசெய்தது. இச்சொற்கள் நிலையை விவரிப்பவை, கனிவும் உடையவை. ஆயினும் மருத்துவரிடம் செல்லவேண்டிய நோய் இது என்னும் குறிப்பு அவற்றில் இல்லை.

பெயரில்லாத நோய்க்கு ஊர் ஒரு காரணத்தைத் தேடிக்கொள்கிறது. இந்நோயில் வழக்கமாகக் காணப்படும் ஒரு நிலையைக் கொள்ளலாம். சாப்பிட்டு அரைமணி நேரமே ஆன மூதாட்டி, திண்ணையில் அமர்ந்து, ‘இன்னும் எனக்குச் சோறு போடல’ என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்கிறார். சுருக்குப்பையைத் தாமே ஒளித்துவைத்துவிட்டு, மருமகள் எடுத்துக்கொண்டாள் என்கிறார். இரண்டுமே அவரளவில் பொய்யல்ல. உண்ட நினைவு பதியவில்லை. ஒளித்த இடமும் நினைவில் இல்லை. ஆனால் கேட்பவருக்கு அது மருமகளின் கொடுமையாகவே படுகிறது. அத்தையின் துணியைத் துவைத்து, இரவில் விழித்திருந்து காக்கும் பெண்ணே ஊர்வாயில் பட்டினி போடுபவளாகிறாள்.

இது கற்பனையான அச்சமன்று. விக்ரம் பட்டேலும் மார்ட்டின் பிரின்சும் கோவாவில் மேற்கொண்டு 2001இல் வெளியிட்ட ஆய்வில், முதியவரின் இந்நிலைக்குப் பிள்ளைகளின் புறக்கணிப்பும் அன்பின்மையும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. காசி நகரை மையமாகக் கொண்ட லாரன்ஸ் கோகனின் மானிடவியல் நூலும் (1998) முதுமைத் தடுமாற்றம் ‘கெட்ட குடும்பத்தின்’ அடையாளமாகப் பார்க்கப்படுவதை விரிவாகப் பேசுகிறது. மேற்குறித்த திருச்சூர் ஆய்வில் பராமரிப்பாளருள் பெரும்பாலோர் இளம்பெண்கள், பலர் மருமகள்கள். அவர்களுள் கணிசமானோரின் மனநலம் சீர்குலைந்திருந்தது. உள்ளூர் மருத்துவப் பணியாளரின் புரிதலின்மையும் உறவினரின் ஆதரவின்மையும் சுமையைக் கூட்டின.

நோய்க்குப் பெயர் சொல்லுதல் அப்பெண்ணுக்கு மானப் பிரச்சினை. மருத்துவ நூல்கள் இதனை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன.

எண்ணிக்கையில் மறைந்தவர்கள்

உலகின் மறதிநோயாளருள் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ, மக்கள்தொகை சார்ந்த ஆய்வுகளில் 10 விழுக்காட்டுக்கும் குறைவானவையே அந்நாடுகளைப் பற்றியவை. இம்முரணையே தன் பெயராகக் கொண்ட ‘10/66’ ஆய்வுக்குழு 1998இல் கொச்சியில் நடைபெற்ற பன்னாட்டு மாநாட்டையொட்டி உருவானது. இக்குழு பல நாடுகளில் 65 வயதைக் கடந்தோரிடம் நடத்திய கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் களங்கள் இரண்டு: சென்னை நகரமும் வேலூரை ஒட்டிய சிற்றூர்களும். 2008இல் வெளியான முடிவு வியப்பளிப்பது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வரையறைப்படி ஊர்ப்புற இந்தியாவில் நோயுற்றோர் 0.3 விழுக்காட்டினர் மட்டுமே. அதே ஊர்களில், கல்வியறிவுக்கும் பண்பாட்டுக்கும் ஏற்ப அமைத்த 10/66 முறையில் அளந்தபோது விகிதம் பத்து விழுக்காட்டை ஒட்டி வந்தது.

இவ்விடைவெளிக்கு விடை குடும்பத்தில் இருக்கிறது. அமெரிக்க வரையறை, அன்றாடச் செயல்பாடு குலைந்திருக்க வேண்டும் என்கிறது. குலைந்ததா என்பதை வீட்டாரிடமே கேட்டறிய வேண்டும். கூட்டு வாழ்க்கையில் முதியவரிடம் எதிர்பார்க்கப்படும் வேலை குறைவு. சமையலை மருமகள் ஏற்றுக்கொள்கிறாள். வரவுசெலவை மகன் பார்க்கிறான். கடைக்குப் பேரன் போகிறான். ‘அம்மாவால் முன்புபோல் முடிகிறதா?’ என்று கேட்டால், ‘அவுகளுக்கு என்ன குறை? நாங்கதான் பார்த்துக்கிறோமே’ என்ற விடையே கிடைக்கும். அன்பே திரையாகிவிடுகிறது. திரை நீங்கினால் தெரிவது சிறுதொகையன்று: 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வு, 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிட ஊர்ப்புறத்திலும் விகிதம் கூடுதல்.

குன்னங்குளத்தில் தொடங்கிய குரல்

திருச்சூர் மாவட்டக் குன்னங்குளம், கல்லுப்பட்டியைவிடப் பெரிதாயினும் பெருநகரமன்று. அங்கு மருத்துவராக இருந்த கே. ஜேக்கப் ராயின் தந்தை மறதிநோயால் பாதிக்கப்பட்டார். மருத்துவர் வீட்டுக்கே வழிகாட்ட நாட்டில் அமைப்பொன்றும் இல்லாத நிலையில், ராய் 1992இல் இந்திய அல்சைமர் மற்றும் தொடர்புடைய நோய்கள் சங்கத்தை நிறுவினார். ஒரு குடும்பத்தின் துயரம் பொதுப்பணியாக மாறியதற்கு இந்தியாவில் இதனினும் தெளிவான சான்று காண்பதரிது.

அவ்வமைப்பு ஆறுதல் கூறுவதோடு நிற்கவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. எர்ணாகுளம் மாவட்டத் திருவாணியூரில் நடத்தப்பெற்று 1996இல் வெளியான மறதிநோய்க் கணக்கெடுப்பின் ஆசிரியர்களுள் ராயும் ஒருவர். பகல்நேரப் பராமரிப்பு இல்லங்களைத் தொடங்குதல், பராமரிப்பாளருக்குப் பயிற்சியளித்தல் என அதன் பணி விரிந்தது. 2010இல் சங்கம் வெளியிட்ட இந்திய மறதிநோய் அறிக்கை, நோயுற்றோர் 37 இலட்சம் எனக் கணக்கிட்டு அரசின் முன் வைத்தது. கேரள அரசு மறதிநோய்க்கெனத் தனித்திட்டம் வகுத்தபோது அச்சங்கத்துடன் இணைந்தே அதனை மேற்கொண்டது. ராய் பின்னர்ப் பன்னாட்டு அல்சைமர் அமைப்பின் தலைமைப் பொறுப்பையும் வகித்தார். பரிந்துபேசுதல் என்பது மேடையில் உருக்கமாகப் பேசுவது மட்டுமன்று. எண்ணிச் சொல்வதும், எண்ணியதை உரியவரிடம் சேர்ப்பதும் அதன் பெரும்பகுதி.

பேசாத குடும்பத்தின் பிணக்கு நீதிமன்றத்தில் முடிவதும் உண்டு. முன்னாள் மத்திய அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் அல்சைமர் நோயுற்றபின் அவரை யார் பேணுவது என்று மனைவிக்கும் உடன்பிறந்தோருக்கும் எழுந்த வழக்கு 2010இல் தில்லி உயர்நீதிமன்றம் வரை சென்றது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், நினைவு, இடங்காலம் உணர்தல் ஆகியவற்றின் கடுங்குலைவையும் மனநோய் என்னும் வரையறைக்குள் கொண்டுள்ளது. ஒருவர் தெளிவோடிருக்கும்போதே தமக்கான பிரதிநிதியை எழுத்தில் நியமிக்கவும் அது வழிசெய்கிறது. ஆனால் அப்பிரதிநிதியின் அதிகாரம் சிகிச்சையைச் சார்ந்தது. பட்டா, வங்கிக் கணக்கு ஆகியவற்றுக்கு அது நீளாது. நிலமும் நகையுமே சொத்தாக உள்ள உழவர் வீட்டில் இவ்விடைவெளி சிறிதன்று.

கல்லுப்பட்டி வட்டாரமும் வீடுதேடும் உதவியும்

வானம் பார்த்த கரிசல் நிலத்தில் இளையோர் பிழைப்புத் தேடி வெளியூர் செல்ல, முதியோர் வீட்டோடு தங்கும் வட்டாரத்தில் ‘நாங்கதான் பார்த்துக்கிறோமே’ என்று சொல்ல ஆளில்லாத வீடுகளும் இருக்கும். நரம்பியல் வல்லுநரை நாடி மதுரை செல்வது ஒருநாள் கூலியையும் பயணச்செலவையும் விழுங்கும். வழியறியாது கலங்கும் முதியவரைப் பேருந்தில் அழைத்துச் செல்வது தனித்துன்பம்.

கோவாவில் அமித் டயசும் குழுவினரும் 81 குடும்பங்களிடையே நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வு இங்கு வழிகாட்டும். மருத்துவப் பட்டம் இல்லாத, உள்ளூர்மொழி அறிந்த ஆலோசகர்கள் ஆறு மாதம் வீடுதேடிச் சென்று நோயை விளக்கினர். குளிப்பாட்டல், அலைச்சல், இரவு விழிப்பு ஆகியவற்றைக் கையாளும் முறை கற்பித்தனர். மருத்துவர் அவர்களுக்குப் பின்புலமாக இருந்தார். பராமரிப்பாளரின் மனநலம் குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் மருந்து கொண்டு ஏற்கெனவே வீட்டுவாசல் வரை செல்கின்றனர். அவர்களிடம் மறதிநோய் பற்றிய சில வினாக்களையும் கொடுத்தனுப்பினால் கோவாவின் முறைக்குப் பாதி வழி கடந்ததாகும். அவ்வினாக்கள் பள்ளி செல்லாத மூதாட்டிக்கும் பொருந்த வேண்டும். ஆங்கிலத் தேதியைக் கேட்டால் நலமுடைய பலரும் தவறுவர். இது ஆடியா ஆவணியா, கடலைக்குக் களை எடுத்தாயிற்றா, தெருவில் கடைசியாக நடந்த நல்லது கெட்டது எது என்று கேட்டால் விடையும் தடுமாற்றமும் தெளிவாகும். இத்தகைய வினாநிரலை வட்டார வழக்கில் அமைப்பதற்கு மருத்துவரோடு மொழியியல் ஆய்வாளரும் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளரும் தேவைப்படுகின்றனர்.

அதற்கு முன்னரே செய்யத்தக்க ஒன்று உண்டு. தன் அத்தைக்கு வந்திருப்பது மூளை நோய் என்று மருத்துவர் வாயால் கேட்டறிந்த மருமகள், அதை நூறுநாள் வேலைத் தளத்திலோ மகளிர் குழுக் கூட்டத்திலோ ஒருமுறை சொல்லிவிட்டால், ‘எங்க வீட்லயும் இப்படித்தான்’ என்று அடுத்தவர் வாய்திறக்க வழி பிறக்கிறது. திண்ணையில் அந்த மூதாட்டி மறுபடி ‘சோறு போடல’ என்று சொல்லும்போது, பக்கத்து வீட்டார் மருமகளை முறைக்காமல், ‘வாங்க அத்தை, காப்பி குடிக்கலாம்’ என்று உள்ளே அழைத்துச் சென்று, அவளுக்கு அரைமணி நேர ஓய்வும் தருவர்.